எதிர்ப்பொருள்: ஆய்வகத்தில் உருவாக்குவதும் பயன்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

நாம் பார்க்கிற, தொடுகிற எல்லாமே எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றால் ஆனவை. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு. நிறை அச்சு அசலாக அதேதான். மின்னூட்டம் மட்டும் தலைகீழ். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானுக்கு நேர்மின்னூட்டம். எதிர்ப்புரோட்டானுக்கு எதிர்மின்னூட்டம். நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது, ஆனால் அதன் உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களுக்கு உண்டு; எதிர்நியூட்ரானில் அவை எல்லாம் மாறியிருக்கும்.

ஒரு துகளும் அதன் எதிர்த்துகளும் சந்தித்தால் இரண்டும் மறைந்து, அவற்றின் நிறை முழுவதும் ஆற்றலாகவும் வேறு துகள்களாகவும் வெளிப்படும். எதிர்ப்பொருளைப் பற்றிய எல்லா ஆசைகளுக்கும் எல்லா அச்சங்களுக்கும் காரணம் இந்த ஒரு குணம்தான்.

இது வெறும் கணக்கா, யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

கணக்கில்தான் முதலில் வந்தது. 1928இல் பால் டிராக் எலக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதற்கு இரண்டு வகைத் தீர்வுகள் கிடைத்தன. இரண்டாவது தீர்வை ஒதுக்கிவிடாமல் யோசித்து, எலக்ட்ரானின் நிறையும் நேர்மின்னூட்டமும் கொண்ட ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1931இல் சொன்னார்.

அடுத்த ஆண்டே அது அகப்பட்டது. கலிபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் ஒரு முகிலறையில் (துகள் போன வழியை ஆவித் தடமாகக் காட்டும் பெட்டி) விட்டுச்செல்லும் தடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அறைக்கு நடுவே 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் ஈயத் தகடு, சுற்றிலும் வலுவான காந்தம். ஒரு படத்தில், தகட்டின் ஒரு பக்கத்தில் மெல்ல வளைந்திருந்த தடம் மறுபக்கத்தில் அதிகமாக வளைந்திருந்தது. ஈயத்தைத் துளைத்த துகள் வேகம் இழந்திருக்கும், வேகம் குறைந்தால் வளைவு கூடும். ஆகவே துகள் எந்தத் திசையில் போனது என்பது உறுதியாகிவிட்டது. திசை தெரிந்ததும் மின்னூட்டமும் தெரிந்தது: நேர்மின்னூட்டம். தடத்தின் நீளமோ அது புரோட்டானாக இருக்க முடியாது என்று காட்டியது. ஒரே ஒரு தகட்டை நடுவில் வைத்து இத்தனையையும் கறந்துவிட்டார் என்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வகத்தில் பாசிட்ரானை எப்படி உருவாக்குகிறார்கள்?

இது எளிது. சோடியம்-22, ஃபுளோரின்-18 போன்ற கதிரியக்க ஐசோடோப்புகள் சிதையும்போது தாமாகவே பாசிட்ரானை வெளியிடுகின்றன. இன்னொரு வழி, ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான்களை டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தில் மோதவிடுவது. அப்போது வரும் காமாக் கதிர், அணுக்கருவின் அருகில் எலக்ட்ரான்–பாசிட்ரான் ஜோடியாக மாறும். 2008இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் வலுவான லேசரைத் தங்கத் தகட்டின் மீது பாய்ச்சியே பெருமளவு பாசிட்ரான்களை எடுத்தார்கள்.

எதிர்ப்புரோட்டானுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய இயந்திரம்?

புரோட்டான், எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனமானது. அதன் எதிர்த்துகளைப் படைக்க அவ்வளவு அதிக ஆற்றலை ஒரே புள்ளியில் கொட்ட வேண்டும். அதோடு எதிர்ப்புரோட்டான் தனியாகப் பிறக்காது. கூடவே ஒரு புதிய புரோட்டானும் பிறந்தாக வேண்டும். அசையாமல் இருக்கும் புரோட்டான் மீது இன்னொரு புரோட்டானை மோதி இதைச் செய்யக் குறைந்தது 5.6 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) தேவை. பெர்க்லியில் பெவட்ரான் என்ற முடுக்கியை இந்த எல்லையைத் தாண்டும்படியே கட்டினார்கள். அங்கேதான் 1955இல் எமிலியோ செக்ரே, ஓவன் சேம்பர்லின் குழு எதிர்ப்புரோட்டானைக் கண்டுபிடித்தது.

இன்று இந்த வேலையின் தலைமையிடம் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம். அங்கு 26 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு முடுக்கிய புரோட்டான்களை இரிடியம் உலோகத் துண்டு ஒன்றில் மோதுகிறார்கள். மோதலிலிருந்து பலவகைத் துகள்கள் எல்லாப் பக்கமும் சிதறும். காந்தங்களைக் கொண்டு அவற்றிலிருந்து எதிர்ப்புரோட்டான்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஏறக்குறைய 10 லட்சம் மோதலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவை உருவாகின்றன. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 3 கோடி எதிர்ப்புரோட்டான்கள் சேரும். சுற்றுக்கு இரண்டு நிமிடம் போல ஆகும்.

உருவாக்கியாயிற்று. அடுத்தது என்ன?

உண்மையான சிரமம் இதற்கு மேல்தான் ஆரம்பம் என்பேன். பிறக்கும்போது அவை ஒளியின் வேகத்தில் 96 சதவீதத்துக்கு மேல் பறந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் எதையும் பிடித்து வைக்க முடியாது, அளக்கவும் முடியாது. துகள் முடுக்கி என்றால் வேகம் கூட்டுவது என்றுதான் நினைப்போம். செர்னில் 2000ஆம் ஆண்டு முதல் ஓடும் ‘எதிர்ப்புரோட்டான் வேகக்குறைப்பி’ என்ற வளையமோ வேகத்தைக் குறைப்பதற்காகவே இருக்கிறது. 182 மீட்டர் சுற்றளவுள்ள அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றி எதிர்ப்புரோட்டான்கள் ஒளி வேகத்தின் பத்தில் ஒரு பங்குக்கு இறங்குகின்றன. அப்புறம் எலினா என்ற 30 மீட்டர் சிறு வளையம் அதை ஒன்றரை சதவீதமாகக் குறைக்கிறது.

எலினா வருவதற்கு முன் கடைசிக் கட்ட வேகக் குறைப்புக்கு மெல்லிய தகடுகளின் ஊடே துகள்களைச் செலுத்த வேண்டியிருந்தது. 99 சதவீதத்துக்கு மேல் அங்கேயே அழிந்துபோயின. அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியவை!

எதைத் தொட்டாலும் அழிந்துவிடும் என்றால் எதில் வைப்பார்கள்?

மின்னூட்டம் உள்ள துகள்களைப் பென்னிங் பொறி என்ற கருவியில் வைக்கிறார்கள். நீளவாக்கில் செல்லும் காந்தப்புலம் துகளைப் பக்கவாட்டில் விலகவிடாது. இரு முனைகளிலும் உள்ள மின்புலம் வெளியே ஓடவிடாது. சுவரைத் தொடாமல் நடுவில் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே ஒரு வாயு மூலக்கூறு திரிந்தாலும் ஆபத்து என்பதால் பொறியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, மிஞ்சியிருக்கும் வாயுவைச் சுவரிலேயே உறையச் செய்துவிடுவார்கள். செர்னில் பேஸ் என்ற குழு இந்த முறையில் எதிர்ப்புரோட்டான்களை 405 நாள் வைத்திருந்தது.

எதிர் ஹைட்ரஜன் அணு விஷயம் வேறு. எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த முழு அணு அது, ஆகவே மின்னூட்டம் இல்லை. பென்னிங் பொறி அதைப் பிடிக்காது. ஆனால் அந்த அணு ஒரு நுண்ணிய காந்தம் போல நடந்துகொள்ளும். நடுவில் வலுக்குறைந்து ஓரங்களில் வலுக்கூடும் காந்தப்புலத்தை அமைத்தால், சரியான திசையில் சுழலும் அணுக்கள் நடுவிலேயே தங்கும். பிடி மிகவும் பலவீனம். தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து (சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) அரை கெல்வின், அதாவது அரை டிகிரி அளவுக்குள் குளிர்ந்த அணுக்கள்தான் அகப்படும், மற்றவை நழுவிவிடும்.

எதிர் ஹைட்ரஜனை முதலில் யார் செய்தது?

செர்னில் 1995இல், ஒன்பது அணுக்கள். ஒளி வேகத்துக்கு அருகில் பறந்து, ஒரு நொடியின் பத்துக் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அழிந்துபோயின. 2002இல் ஏதேனா, ஏட்ராப் என்ற இரு குழுக்கள் மெதுவாக நகரும் குளிர்ந்த அணுக்களைச் செய்தன.

பிடித்து வைத்தது 2010இல், ஆல்ஃபா குழு. சுமார் ஒரு கோடி எதிர்ப்புரோட்டான்களையும் 70 கோடி பாசிட்ரான்களையும் கலந்ததில் அவர்கள் உறுதிசெய்த அணுக்கள் 38. அவை இருந்ததை எப்படிக் கண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பொறியின் காந்தத்தைச் சட்டென அணைப்பார்கள். பிடி விட்டதும் அணு சுவரில் மோதி அழியும். அழியும்போது பையான் என்ற துகள்கள் தெறிக்கும். பொறியைச் சுற்றி அடுக்கியுள்ள சிலிக்கான் உணரிகளில் அந்தப் பையான்களின் தடங்கள் பதிவாகும். தடங்களைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் கூடும். அங்கே ஓர் அணு இருந்தது என்று அர்த்தம். அது இருந்ததற்கான சாட்சி, அது அழிந்த இடம்தான்.

மறு ஆண்டே 1000 நொடி வரை வைத்திருந்தார்கள். 2025இல் பாசிட்ரான்களை லேசரால் குளிர்ந்த பெரிலியம் அயனிகளின் உதவியோடு மேலும் குளிர்வித்து, ஏழு மணி நேரத்துக்குள் 15,000க்கும் மேற்பட்ட அணுக்களைச் சேர்த்திருக்கிறார்கள். 38இலிருந்து 15,000 வரை வந்த இந்த வளர்ச்சி ஒரே நாளில் நடந்த கண்டுபிடிப்பு எதனாலும் வரவில்லை. காந்தம், வெற்றிடம், குளிர்ச்சி என ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செப்பனிட்டதால் வந்தது.

எதிர்ப்பொருள் மேல்நோக்கி விழுமா?

கீழ்நோக்கித்தான் விழுகிறது. 2023 செப்டம்பரில் வெளியான ஆல்ஃபா-ஜி சோதனை இதை நேரடியாகக் காட்டியது.

செய்த விதம் இது. நின்றவாக்கில் ஒரு காந்தப் பொறி. ஒவ்வொரு முறையும் சுமார் நூறு எதிர் ஹைட்ரஜன் அணுக்களை அதில் வைத்து, மேலும் கீழும் உள்ள காந்தங்களை 20 நொடிகளில் மெல்ல மெல்லத் தளர்த்தினார்கள். எத்தனை அணுக்கள் மேல்வழியாகவும் எத்தனை கீழ்வழியாகவும் போகின்றன என்று எண்ணினார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் கீழே போயின. சாதாரண ஹைட்ரஜனுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று கணிப்புகள் சொல்கின்றன. அவர்கள் பெற்ற முடுக்கம், பூமியின் வழக்கமான ஈர்ப்பு முடுக்கத்தின் 0.75 மடங்கு. பிழை வரம்பு கணிசமானது என்பதால் 1 என்ற மதிப்போடு இது முரண்படவில்லை. மேலே போகும் என்ற வாய்ப்பு மட்டும் ஒழிந்தது. மிகச் சிறிய வேறுபாடு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று சொல்ல இன்னும் துல்லியமான அளவீடு வேண்டும்.

இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல பத்தாண்டுகள் காகிதத்தில் மட்டும் வாதாடிய கேள்விக்கு, அணுக்களைக் கீழே விட்டுப் பார்த்து விடை கண்டதே பெரிய காரியம்.

ஒரு கிராம் செய்ய எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு கிராமில் சுமார் 600 கோடி கோடி கோடி எதிர்ப்புரோட்டான்கள் இருக்கும், அதாவது 6க்குப் பின்னால் 23 பூஜ்யம். சுற்றுக்கு 3 கோடி, சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்று வகுத்துப் பாருங்கள்: ஏழாயிரம் கோடி ஆண்டுகளைத் தாண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தான். அதுவும் இயந்திரம் ஒரு நொடி கூட நிற்காமல், பிடித்த துகளில் ஒன்றும் வீணாகாமல் இருந்தால். உலகின் எல்லா ஆய்வகங்களும் இதுவரை செய்த எதிர்ப்புரோட்டான்களை ஒன்றாகச் சேர்த்தாலும் நானோகிராம் கணக்கில்தான் நிற்கும்.

அப்படியானால் குண்டு செய்ய முடியாதா?

முடியாது. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்து அழிந்தால் 43 கிலோடன் டிஎன்டிக்குச் சமமான ஆற்றல் வரும் என்பது உண்மை. ஹிரோஷிமாவில் போட்ட குண்டு சுமார் 15 கிலோடன். ஆனால் அந்த ஒரு கிராம் எங்கே இருக்கிறது? செர்னில் ஒரு சுற்றில் கிடைக்கும் 3 கோடி எதிர்ப்புரோட்டான்களும் ஒரே நொடியில் அழிந்தால் வரும் ஆற்றல் சுமார் 9 மில்லிஜூல். ஒரு கிராம் எடையைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கலாம், அவ்வளவே. பொறி பழுதானால் பாதிக்கப்படுவது அன்றைய அளவீடு மட்டும்தான்.

மின்சாரம் தயாரிக்கலாமே?

எதிர்ப்பொருளை வெட்டியெடுக்கச் சுரங்கம் கிடையாது. ஒவ்வொரு துகளையும் நாமே ஆற்றல் செலவழித்துச் செய்ய வேண்டும், செலவழித்ததைவிட அதிகமாக அது ஒருபோதும் திருப்பித் தராது. ஆகவே எரிபொருள் என்று அதைச் சொல்ல முடியாது. அதிகபட்சம் ஒரு மின்கலம். அதுவும் எப்படிப்பட்ட மின்கலம்? ஓர் எதிர்ப்புரோட்டானுக்கு 10 லட்சம் புரோட்டான்கள், ஒவ்வொன்றுக்கும் 26 கிகா எலக்ட்ரான் வோல்ட். மொத்தம் 2.6 கோடி. அழியும்போது திரும்ப வருவது 1.9. ஒரு கோடி மடங்குக்கு மேல் நஷ்டம். முடுக்கியும் குளிர்விப்பான்களும் குடிக்கும் மின்சாரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

விண்கலத்துக்காவது பயன்படுமா?

கணக்கு ஆசை காட்டத்தான் செய்கிறது. அதே ஒரு கிராம், பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட ஹைட்ரஜன்–ஆக்சிஜன் எரிபொருளின் ஆற்றலைக் கொண்டது. எடைதான் விண்பயணத்தின் முதல் எதிரி என்பதால் பல பத்தாண்டுகளாக இதை வரைந்து பார்க்கிறார்கள். எதிர்ப்புரோட்டான் அழிவில் வரும் பையான்களில் மின்னூட்டம் உள்ளவற்றைக் காந்தத்தால் பின்னோக்கித் திருப்பி உந்துவிசை பெறுவது ஒரு யோசனை. மின்னூட்டம் இல்லாத பையான்கள் உடனே காமாக் கதிராகிவிடும். அந்த ஆற்றல் உந்துவதற்கு உதவாது, பயணிகளைத் தாக்காமல் தடுக்கக் கனமான கவசமும் வேண்டும். எதிர்ப்புரோட்டானை மிகச் சிறிய அளவில் தீக்குச்சி போலப் பயன்படுத்தி அணுக்கருப் பிளவையோ பிணைவையோ தூண்டுவது இன்னொரு யோசனை. உற்பத்தி இன்றுள்ளதைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு பெருகாதவரை இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும்.

இப்போதே நடைமுறையில் உள்ள பயன் ஏதாவது?

மருத்துவமனையில் எடுக்கும் பெட் ஸ்கேன். எதிர்ப்பொருள் தினமும் உயிர்காக்கும் இடம் அது, ஆனால் இந்தப் பேச்சில் அதை மறந்துவிடுகிறோம்.

சைக்ளோட்ரான் என்ற சிறு துகள் முடுக்கியில் செய்த ஃபுளோரின்-18ஐக் குளுக்கோஸ் போன்ற ஒரு மூலக்கூறில் இணைத்து நரம்பில் ஏற்றுவார்கள். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். ஆகவே செய்து வைத்துக்கொண்டு நாளைக்குப் பயன்படுத்த முடியாது. ஊசி போட்டபின் நோயாளி சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும், தசைகள் வேலை செய்தால் மருந்து அங்கே போய்விடும். புற்றுநோய்க் கட்டிகள் பல சர்க்கரையை அதிகம் இழுப்பதால் மருந்து அங்கே குவியும். குவிந்த இடத்தில் வெளிவரும் பாசிட்ரான் ஒரு மில்லிமீட்டர் போலத்தான் நகரும்; உடனே ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து அழியும். அப்போது தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் கிளம்பும். நோயாளியைச் சுற்றியுள்ள உணரி வளையத்தில் எதிரெதிரே உள்ள இரண்டு படிகங்கள் ஒரே நேரத்தில் மின்னினால், அவற்றை இணைக்கும் கோட்டில்தான் பாசிட்ரான் அழிந்தது. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளைச் சேர்த்தால் படம் கிடைக்கும்.

ஒரு ஸ்கேனுக்கு வழக்கமாகத் தரும் மருந்திலிருந்து ஏறக்குறைய 3 லட்சம் கோடி பாசிட்ரான்கள் பிறக்கும். துகள் எண்ணிக்கையில் இது செர்னின் ஒரு சுற்று எதிர்ப்புரோட்டான்களைப் போல லட்சம் மடங்கு.

உடம்புக்குள் எதிர்ப்பொருளா? ஆபத்தில்லையா?

அயனியாக்கும் கதிர்வீச்சு என்பதால் தேவையில்லாமல் யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கட்டாயம் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள் என்பதற்காகத் தனிப் பயம் வேண்டாம். நம் உடலில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியம்-40 மணிக்குச் சுமார் 180 பாசிட்ரான்களை வெளியிட்டபடிதான் இருக்கிறது.

வேறு பயன்கள்?

உலோகங்களிலும் குறைகடத்திகளிலும் ஓர் அணு விடுபட்ட இடம் இருந்தால் பாசிட்ரான் அங்கே போய் ஒடுங்கும். அங்கே எலக்ட்ரான்கள் குறைவு என்பதால் சற்று அதிக நேரம் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தை அளந்து, எக்ஸ்ரேக்கும் அகப்படாத குறைகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

துகள் இயற்பியலுக்கு எதிர்ப்பொருள் செய்த உதவி பெரியது. 1983இல் டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டுபிடித்தது புரோட்டானையும் எதிர்ப்புரோட்டானையும் மோதித்தான். 1995இல் டாப் குவார்க்கும் அப்படியே.

எதிர்ப்புரோட்டானால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரலாமா என்று செர்னில் 2003 முதல் ஏஸ் என்ற சோதனை நடந்தது. உயிரணுக்களை அழிக்கப் புரோட்டான்களில் நான்கில் ஒரு பங்கு எண்ணிக்கை போதும் என்று தெரிந்தது. உற்பத்திச் செலவைப் பார்த்தால் மருத்துவமனைக்கு வருவது வெகு தூரம்.

பயன் இவ்வளவுதான் என்றால் எதிர் ஹைட்ரஜனுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் உண்டாகியிருக்க வேண்டும். அப்படியே இருந்திருந்தால் எல்லாம் அழிந்து ஒளி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் மிஞ்சியது. விண்மீன்களும் நாமும் அந்த மிச்சம்தான். அது ஏன் மிஞ்சியது என்பதற்கு இன்றைய கோட்பாடுகளில் போதுமான விளக்கம் இல்லை. இரண்டுக்கும் நடத்தையில் சிறு வேறுபாடு உண்டு என்பது 1964 முதல் தெரியும். 2025இல் செர்னின் எல்எச்சிபி குழு புரோட்டான் வகைத் துகள்களிலும் அதைக் கண்டது. ஆனாலும் கிடைத்த வேறுபாடு பிரபஞ்சத்தை விளக்கும் அளவுக்குப் பெரியதாக இல்லை.

ஆகவே எதிர் அணுவை எடுத்துச் சாதாரண அணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2018இல் ஆல்ஃபா குழு எதிர் ஹைட்ரஜன் உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண்ணை லட்சம் கோடியில் இரண்டு பங்கு துல்லியத்தில் அளந்தது. ஹைட்ரஜனோடு அது ஒத்துப்போனது. எங்கோ ஓர் இலக்கத்தில் பிசகு தெரிந்தால் இயற்பியலின் அடித்தளத்தையே திருத்த வேண்டிவரும்.

எதிர்ப்பொருளை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?

அதற்கான வேலை நடக்கிறது. செர்னின் எதிர்ப்பொருள் கூடத்தில் சுற்றிலும் முடுக்கிக் காந்தங்கள் இருப்பதால், அவற்றின் சலனம் நுண்ணிய அளவீடுகளைக் கெடுக்கிறது. அமைதியான வேறு ஆய்வகத்துக்குத் துகள்களை எடுத்துச் சென்றால் துல்லியம் பல மடங்கு கூடும். 2024 அக்டோபரில் பேஸ் குழு, பயணத்துக்கென்றே கட்டிய பொறியில் 70 புரோட்டான்களை ஏற்றி, லாரியில் வைத்துச் செர்ன் வளாகத்தைச் சுற்றி வந்தது. வெற்றிடம், குளிர்ச்சி, காந்தம் எதுவும் வழியில் கெடவில்லை, ஒரு துகள்கூடத் தொலையவில்லை. அதே பொறியில் எதிர்ப்புரோட்டான்களை ஏற்றி ஜெர்மனியின் டூசல்டார்ஃப் வரை கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.